மாகாண சபை, பாராளுமன்றம், மலையகத்து வாக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனாலோ என்னவோ, தேர்தல் பேச்சு எழும்பினால் போதும், பிள்ளைகளும் அவர்களின் அப்பாமாரும் தோட்டத் தலைவர்மாரும் அதே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"பாராளுமன்றம், மாகாண சபை, பிரதேச சபைன்னு மூணு இருக்கே. எதுக்கு எங்க போறது?"

225 பேர் கொண்ட பாராளுமன்றம் முழு நாட்டுக்கும் சட்டம் போடுகிறது. பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம், குடியுரிமை, நாணயம் எல்லாம் அங்கே. மாகாண சபை 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின் பிள்ளை. மாகாணப் பாடசாலைகள், பெரும்பாலான ஆஸ்பத்திரிகள், மாகாண வீதிகள், மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களுக்கான அனுமதி, உள்ளூராட்சி மேற்பார்வை இவை அதன் கையில். குப்பை, சந்தை, தெருவிளக்கு, சிறு பாதை, மயானம், நூலகம் பிரதேச சபைக்கு; நகரம் என்றால் நகர சபைக்கு.

நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஒரே டவுனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாடசாலைகள் இருக்கும். ஒன்று தேசியப் பாடசாலை, அதன் கடிதம் பத்தரமுல்லைக்குப் போகும். மற்றது மாகாணப் பாடசாலை, அதன் கடிதம் கண்டிக்குப் போகும். ஆசிரியர் இடமாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

"நுவரெலியாவுக்கு எட்டு எம்.பி., கண்டிக்குப் பன்னிரண்டு. இந்தக் கணக்கை எப்படிப் போடுறாங்க?"

225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மிச்சம் 29 பேர் தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப வருகிறவர்கள். அந்த 196 ஆசனங்களில் 36ஐ மாகாணத்துக்கு நான்கு வீதம் சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். சனம் நெருக்கும் மேல் மாகாணத்துக்கும் நான்கு, சனம் குறைந்த வடக்குக்கும் நான்கு. பாக்கி 160 ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் போகின்றன. அதனால் சிறிய மாகாணத்து வாக்குக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கிடைக்கிறது. இது தெரியாமல் நடந்ததல்ல, வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஒரு பகுதியில் ஆள் குறைவு என்பதற்காக அதன் குரலே கேட்காமல் போய்விடக்கூடாது என்பது அதற்குள் இருக்கும் நியாயம்.

கவனிக்க வேண்டியது, அந்த 160க்கான கணக்கு மக்கள் தொகையை வைத்து இல்லை, வாக்காளர் இடாப்பை வைத்து. இடாப்பில் பெயர் குறைந்தால் ஆசனமும் குறையும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள்: 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் அங்கே செய்த வேலையை, கொழும்புக் கடைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் இங்கே மெதுவாகச் செய்யலாம். கிராம சேவகர் படிவம் கொண்டுவரும்போது "பையன் இப்ப ஊர்ல இல்லை" என்று சொல்லி அவன் பெயரை விட்டுவிடுவதற்கு முன், அவன் வேறு எங்காவது பதிந்திருக்கிறானா என்று கேளுங்கள். பல பேர் எங்கேயுமே பதியாமல் இருக்கிறார்கள்.

"மகன் கொழும்புல கடையில நிக்கிறான். அங்கேயே ஓட்டுப் போட முடியாதா?"

இடாப்பில் அவன் பெயர் தோட்டத்து முகவரியில் இருந்தால், தோட்டத்துக்குரிய வாக்குச்சாவடியில்தான் போட வேண்டும். தபால் வாக்கு அரச ஊழியர் போன்ற சிலருக்கு மட்டும். கடைப் பையனுக்கு அது கிடையாது.

ஆனால் லீவு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. தனியார் துறைக்கும் சம்பளம் வெட்டாமல் லீவு உண்டு. தேர்தல் ஆணைக்குழு சொல்லும் அளவு இது: 40 கிலோமீட்டருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் "பார்ப்போம்" என்று பதில் வரும், அந்தப் பார்ப்போம் தேர்தல் முடியும்வரை முடியாது.

"நம்ம ஆளுங்களே அஞ்சாறு பேர் கேட்டா ஓட்டு உடையாதா?"

உடையும், ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரே கட்சிப் பட்டியலில் நம்மவர் நான்கு பேர் நின்றால் கட்சியின் வாக்குக் குறையாது. கட்சிக்குப் போட்ட பின் அதன் பட்டியலில் பிடித்தவர்களுக்குப் போடும் மூன்று விருப்பு வாக்குகளை ஒவ்வொருவரும் எப்படிப் பிரித்துப் போடுகிறோம் என்பதில்தான் யார் உள்ளே போகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பது இருக்கிறது. கட்சியோ சுயேச்சைக் குழுவோ வேறுவேறு என்றால் கதை வேறு. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதம் எடுக்காத குழு கணக்கிலேயே சேராது. அதற்கு விழுந்த வாக்கு யாருக்கும் உதவாது.

"நம்ம தாத்தா காலத்துல ஓட்டே இல்லன்னு சொல்றாங்களே, நெசமா?"

ஓட்டு இருந்தது, பிறகு பறித்தார்கள். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டில் பல தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமே வாக்கு என்று ஆக்கினார்கள். 1952 தேர்தலில் நம்மில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம் 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். விட்டுப்போன 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். 1977இல்தான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகத் தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் உள்ளே போனார். மிச்சம் மீதியாகக் கிடந்த நாடற்றவர் பிரச்சினையை முடிக்க 1988இலும் 2003இலும் இன்னும் இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன.

மாகாண சபை பற்றிப் பேச வந்துவிட்டு இதை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். குடியுரிமைச் சட்டம் மத்தியப் பாராளுமன்றத்தின் வேலை. அன்று மாகாண சபை என்ற ஒன்று இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அதிகாரத்தை எவ்வளவு பகிர்ந்தாலும் சில கதவுகளின் சாவி கொழும்பில்தான் இருக்கும். அதனால் அங்கே போகும் நம் வாக்கு குறையாமல் இருக்க வேண்டும்.

"ஓட்டு இல்லாத காலத்துலயும் நம்ம தலைய மட்டும் எண்ணிக்கிட்டாங்களாமே?"

ஆமாம். 1946இல் தொகுதி எல்லை வகுத்தபோது 75,000 ஆளுக்கு ஒரு ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம் என்று மாகாணங்களுக்குக் கணக்கு. அந்த ஆள் கணக்கில் தோட்டத்து மக்களும் இருந்தார்கள். வாக்கைப் பறித்த பிறகும் அந்தத் தொகுதிகள் அப்படியே இருந்தன. எனவே 1952இல் மலைநாட்டுத் தொகுதிகள் சிலவற்றில் மிகச் சில வாக்காளர்கள் சேர்ந்து ஒரு எம்.பி.யைத் தெரிவு செய்தார்கள். நம் தலையை எண்ணிக் கிடைத்த ஆசனத்தில் நாம் வாக்களிக்க முடியாத இன்னொருவர் உட்கார்ந்தார். பிரதிநிதித்துவ அநியாயத்துக்கு வகுப்பில் உதாரணம் கேட்டால் நான் வெளிநாட்டுக்கெல்லாம் போவதில்லை, இதைத்தான் சொல்வேன்.

"மாகாண சபையால தோட்டத்து ஆளுக்கு என்ன கெடச்சது? உண்மையச் சொல்லுங்க."

கொஞ்சம் கிடைத்தது. மத்திய மாகாண சபையில் 58 ஆசனங்கள், சப்ரகமுவவில் 44, ஊவாவில் 34. பாராளுமன்றத்துக்குப் போக வாய்ப்பே இல்லாத நம் இளைஞர் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. சிலர் மாகாண அமைச்சராகவும் இருந்தார்கள். தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கட்டடம், ஆசிரியர் நியமனம் என்று மாகாண மட்டத்தில் பேச ஆள் இருந்தது.

ஆனால் சட்டத்தைத் திறந்து பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை. அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள்: மாகாணத்துக்குரியது, மத்திக்கு ஒதுக்கியது, இருவருக்கும் பொதுவானது. மாகாணப் பட்டியலில் விவசாயம் இருக்கிறது. அதே வரியிலேயே பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை நீங்கலாக என்றும் இருக்கிறது. காணியும் மாகாணப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அரச காணி குடியரசுக்குச் சொந்தம். அமைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. தோட்டக் காணியோ அரசின் சொத்தாக இருந்து, 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. நாள் சம்பளத்தைச் சம்பளச் சபையும் கொழும்பும் தீர்மானிக்கின்றன. 2021இல் 1,000 ரூபாய் வந்தது மத்திய அரசின் வர்த்தமானி வழியாகத்தான்.

கூட்டிப் பாருங்கள். வேலை, சம்பளம், வீடு நிற்கும் நிலம், இந்த மூன்றும் மாகாண சபையின் கைக்கு எட்டாதவை. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு மாகாண சபை பாதிப் பலம் என்றால், கொழுந்து பறிப்பவருக்கு அது கால்வாசி கூட இல்லை. ஒரே சட்டம், ஒரே அதிகாரம், ஆனால் ஆளுக்கு ஆள் பயன் வேறு. மலையகத்தில் அதிகாரப் பகிர்வு நியாயமா என்று யாராவது கேட்டால் என் பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்கும்.

"எங்க தோட்டத்து ரோட்டப் போட பிரதேச சபைக்கு என்ன கேடு?"

ரொம்ப காலமாக அவர்கள் சொன்ன பதில் "தோட்டம் தனியார் நிர்வாகம், அங்கே சபைக் காசு போட முடியாது" என்பது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தை வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். வாக்கு வாங்கத் தோட்டத்துக்குள் வரலாம், வாளி நிறையத் தார் கொண்டுவரக் கூடாது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தோட்டக் குடியிருப்புகளிலும் சபை வேலை செய்ய வழி திறந்தார்கள். இன்னும் அந்தப் பழைய பதிலைச் சொல்கிறவர் இருந்தால், சட்டம் மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம்.

இன்னொரு மாற்றமும் அதே காலத்தில் வந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளுக்குள் ஆளுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டிய சனம் அடைபட்டுக் கிடந்தது. நாட்டின் வேறு இடங்களில் அதில் கால்வாசி மக்களுக்கே தனிச் சபை உண்டு. அந்த இரண்டையும் ஆறாகப் பிரித்து அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட், நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று ஆக்கி, 2018 பெப்ரவரி தேர்தலில் வாக்கெடுப்பு நடந்தது. தனி மாகாணம் பற்றி மேடையில் பேசிய பேச்செல்லாம் சேர்ந்து செய்யாததை இந்த எல்லைக்கோடுகள் செய்தன என்பது என் எண்ணம்.

"மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கல? இப்ப யாரு ஆளுறா?"

சப்ரகமுவ சபையின் காலம் 2017இல் முடிந்தது, மத்திய மாகாணத்துடையது 2018இல், ஊவாவுடையது 2019இல். அதற்குப் பிறகு ஒன்பது மாகாணங்களில் ஒன்றுக்குமே தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையைப் பாதி தொகுதி (தொகுதிக்குத் தொகுதி வென்றவர்), பாதி விகிதாசாரம் (வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம்) என்று மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எல்லாரும் சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள், கொண்டுவந்த அரசாங்கத்தையும் சேர்த்துத்தான். பழைய முறை போய்விட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவில் சபைகள் தொங்குகின்றன.

ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். ஆளுநர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விஷயமே இல்லை. அவரை நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பவும் இல்லை, வாக்குப் போட்டு இறக்கவும் முடியாது.

"வடக்கு கிழக்குக்கு மட்டும் கூட அதிகாரம் குடுத்தா நாம நடுவுல மாட்டிக்க மாட்டமா?"

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1977, 1983 என்று அடி விழுந்தபோதெல்லாம் வடக்குடன் சம்பந்தமில்லாத தோட்டத்து லயங்களும் (வரிசை வீடுகளும்) அல்லவா எரிந்தன? ஆனால் இன்றைய சட்டப்படி ஒன்பது மாகாணங்களுக்கும் ஒரே அதிகாரம்தான். வடக்குக்குத் தனிப் பட்டியல் கிடையாது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி வடக்கும் கிழக்கும் இணைந்திருந்ததும் 2006 உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பிரிந்துவிட்டது.

நாளைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தால் என்னாகும் என்பது அடுத்த கேள்வி.

"அப்பிடி அவங்களுக்குத் தனியா குடுத்தா, யாழ்ப்பாண எம்.பி. ஹட்டன் பள்ளிக்கூடத்தப் பத்தி ஓட்டுப் போடலாமா? நம்ம எம்.பி. அங்க போட முடியாதே!"

நல்ல கேள்வி. இதே கேள்வியை 1977இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் டாம் டியெல் என்ற ஸ்கொட்லாந்து எம்.பி. கேட்டார். அவருடைய தொகுதியின் பெயர் மேற்கு லோதியன், அந்தக் கேள்விக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சபை வந்தால், இங்கிலாந்தில் இருக்கும் பிளாக்பேர்ன் என்ற ஊரைப் பற்றி நான் வாக்களிக்கலாம், என் தொகுதிக்குள்ளேயே இருக்கும் பிளாக்பேர்ன் என்ற ஊரைப் பற்றி வாக்களிக்க முடியாது, இது என்ன கூத்து என்றார். 1999இல் ஸ்கொட்லாந்துச் சபை வந்தது. 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. தப்ப வைத்தது ஸ்கொட்லாந்து எம்.பி.க்களின் வாக்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் இல்லை.

2015இல் ஒரு வைத்தியம் பார்த்தார்கள். இங்கிலாந்தை மட்டும் தொடும் சட்டத்துக்கு இங்கிலாந்து எம்.பி.க்களின் பெரும்பான்மையும் தேவை என்று நிலையியற் கட்டளையை, அதாவது சபை நடத்தும் விதியை, மாற்றினார்கள். எது இங்கிலாந்தை மட்டும் தொடுகிறது என்று பிரிப்பதே தலைவலியாகிப் போனது. 2021இல் அதைத் தூக்கிவிட்டார்கள். கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

நமக்கு வருவோம். அப்படி ஒரு நிலை இங்கே வந்தால், வடக்கு எம்.பி.யின் வாயைக் கட்டுங்கள் என்று கேட்கும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 225 பேர் சபையில் மலையகத்து எம்.பி.க்கள் ஒரு கைப்பிடி. தமிழ்ப் பாடசாலை, தமிழில் நிர்வாகம் என்று வரும்போது கூடச் சேரக்கூடிய கைகளில் வடக்கு கிழக்கின் கைகளும் உண்டு. நம் குடியுரிமை பறிபோனபோது அந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவர் காங்கேசன்துறை எம்.பி., தோட்டத்து எம்.பி. அல்ல. இரண்டு தரத்து எம்.பி.யை உருவாக்கினால் முதலில் அடிபடுவது சிறிய கூட்டம்தான்.

"நம்ம சட்டத்துல அந்த மாதிரி சிக்கல் இப்பவே இல்லியா?"

இருக்கிறது, ஒரு மூலையில். மாகாணப் பட்டியலில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பாராளுமன்றம் சட்டம் போட வேண்டுமானால், சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாச் சபைகளும் சம்மதித்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு சபை மறுத்தாலும், அதையும் மீறி நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த மூன்றில் இரண்டு வேண்டும். சில சபைகள் மட்டும் சம்மதித்தால்? சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றி, சம்மதித்த மாகாணங்களுக்கு மட்டும் செல்லுபடியாக்கலாம்.

இங்கேதான் டியெல் கேட்டது எட்டிப் பார்க்கிறது. ஊவா சம்மதித்தது, மத்திய மாகாணம் மறுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊவாவில் இருக்கும் பதுளைக்குப் பொருந்தும், மத்திய மாகாணத்தில் இருக்கும் ஹட்டனுக்குப் பொருந்தாத ஒரு சட்டத்துக்கு நுவரெலியா எம்.பி. கை உயர்த்துவார். அதை யாரும் தடுக்கவில்லை. நான் அதை அநியாயம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் சொன்னது அந்தந்த மாகாணத்தின் சபை. பாதிக்கப்படும் இடத்தின் சம்மதம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. டியெல் சொன்ன கூத்தில் இல்லாதது அந்தச் சம்மதம்.

"சபையே இல்லாத நேரத்துல அந்தச் சம்மதத்த யாருகிட்ட கேப்பாங்க?"

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தது. சமுர்த்தி உள்ளிட்ட சில நிறுவனங்களைச் சேர்த்து மத்தியில் ஒரு திணைக்களம் ஆக்கும் திட்டம். மாகாண சபைகளிடம் அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் தெரிவான சபை கிடையாது. வடக்குக்கு முதல் தேர்தலே 2013 செப்டம்பரில்தான் நடந்தது. சபைக்குப் பதில் ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநர் சபையாக முடியாது, அந்தச் சம்மதம் சபையின் சம்மதம் அல்ல என்பது நீதிமன்றத்தின் நிலை. அந்தத் தீர்ப்புகளைத் தொடர்ந்து எழுந்த மோதலில் 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப் பிரேரணை மூலம் நீக்கப்பட்டார். சட்டமூலம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது.

அன்று ஒரு மாகாணத்துக்கு இருந்த நிலை இன்று ஒன்பதுக்கும். முந்தின பதிலில் நான் நியாயம் என்று சொன்னது முழுவதும் தெரிவான சபை இருந்தால்தான் நிற்கும். தேர்தல் வைக்காமல் இழுப்பது வெறும் தாமதம் இல்லை என்று நான் வகுப்பில் கத்துவது இதனால்தான்.

"மலையகத்துக்குன்னு ஒரு தனி மாகாணம் கேட்டா என்ன?"

எங்கே கோடு போடுவது? 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8,39,504 பேர். அந்தக் கணக்கில் நுவரெலியா ஒன்றில்தான் நாம் மாவட்டத்தில் பாதியைத் தாண்டினோம். மற்றவர்கள் பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை, தெற்கே தெனியாயப் பக்கம் என்று சிதறியிருக்கிறார்கள். நுவரெலியாவை மட்டும் வெட்டி எடுத்தால் பாதிப் பேர் வெளியே. உள்ளே இருக்கும் சிங்கள, முஸ்லிம் மக்கள் புதிய சிறுபான்மை. அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அதனால்தான் நிலத்தொடர்பற்ற அலகு என்று ஒரு யோசனை நீண்ட நாளாகப் பேசப்படுகிறது. புதுச்சேரியை உதாரணம் காட்டுவார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் தமிழ்நாடு, கேரளா, ஆந்திராவுக்கு நடுவில் தனித்தனியே கிடந்தும் ஒரே நிர்வாகம். ஆனால் அங்கே ஒவ்வொரு துண்டும் ஒரு டவுனும் சுற்றுப்புறமுமாக முழுசாக இருக்கிறது. நம்முடையது தோட்டம், நடுவில் கிராமம், மறுபடி தோட்டம். ரோட்டையும் தண்ணீரையும் அப்படிப் பிரிக்க முடியாது. கல்வி, மொழி, பண்பாடு, வீட்டுக் காணி போன்றவற்றை, ஆள் எங்கே இருந்தாலும் அவரைப் பின்தொடரும் அதிகாரமாக வைக்கலாம். அந்த அளவில் இந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

"தொகுதி முறை வந்தா நமக்கு நமக்குன்னு ஒரு எம்.பி. இருப்பாரே, நல்லதுதானே?"

நாம் செறிந்து வாழும் நோர்வூட்டில் இருப்பவருக்கு நல்லது. இரத்தினபுரிப் பக்கம் நாம் சிதறியிருக்கும் இறக்குவானையில் இருப்பவருக்கு இல்லை. தொகுதியில் பத்து சதவீதமாக இருக்கும் மக்கள் எல்லாத் தொகுதியிலும் தோற்பார்கள். விகிதாசாரத்தில் அதே பத்து சதவீதம் விருப்பு வாக்கைச் சேர்த்துப் போட்டால் ஒருவரையாவது அனுப்ப வாய்ப்புண்டு. கண்டியிலிருந்து 2015இலும் 2020இலும் வேலு குமார் போனது அப்படித்தான். 2018இல் அந்த எல்லை அறிக்கையைச் சிறுபான்மைக் கட்சிகள் எதிர்த்ததற்கும் இந்தக் கணக்கே காரணம்.

"நான் இரத்தினபுரி. நுவரெலியா எம்.பி.மார் எங்களுக்கும் பேசுவாங்கதானே?"

பேசுவார்கள், பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் இருக்கும். ஆனால் உங்கள் வாக்கு அவர்களுக்குத் தேவையில்லை என்பதை மறக்காதீர்கள். உங்கள் மாவட்டத்து எம்.பி. சிங்களவராக இருந்தாலும் உங்கள் வாக்கு அவருக்குத் தேவை. தோட்டத்துப் பிரச்சினையை எழுதிக் கொண்டுபோய் முதலில் அவர் மேசையில் வையுங்கள். சொந்த சாதிசனத்தின் எம்.பி.யைத் தேடி மலை ஏறுவதற்கு முன் இதைச் செய்யலாம். பெரிய கட்சிகளின் பட்டியல் வழியாகவும் கதவு திறக்கிறது. 2024இல் பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் அப்படித்தான் தெரிவானார்கள்.

"நமக்கு அந்த நிலமில்லாத சபை கெடச்சா, அப்ப நம்ம எம்.பி.யும் மத்தவங்க பள்ளிக்கூடத்தப் பத்தி ஓட்டுப் போடக் கூடாதுன்னு சொல்ல மாட்டாங்களா?"

சொல்வார்கள். ஒரு உயர்தர மாணவி இதைக் கேட்டபோது வகுப்பே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தாரைப் பார்த்து நாம் கேட்ட கேள்வி இப்போது நம்மைப் பார்த்துத் திரும்புகிறது.

என் பதில், எவ்வளவு அதிகாரம் போகிறது என்பதைப் பொறுத்தது. அந்தச் சபை வெறும் ஆலோசனை சொல்வதாக இருந்தால் நம் எம்.பி. எதையும் இழக்க வேண்டியதில்லை. பாடசாலையை நடத்தவும் ஆசிரியரை நியமிக்கவும் காசு ஒதுக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தால், மற்றவர்களின் முணுமுணுப்பில் நியாயம் உண்டு. அதற்கும் எம்.பி.யின் வாக்கைப் பறிப்பது விடை இல்லை. மாகாண சபைகளிடம் கேட்பதுபோல அந்தச் சபையிடமும் சம்மதம் கேட்கும் ஒரு விதி போதும். அப்போது நம் எம்.பி. பாராளுமன்றத்தில் முழு எம்.பி.யாகவே இருப்பார், குருநாகல் பாடசாலைக்கும் கை உயர்த்துவார். குருநாகல் எம்.பி. நம் பாடசாலைக்குக் கை உயர்த்தும் முன் நம் சபையின் கடிதம் அவர் மேசையில் இருக்கும்.